குமரிக்குத் தெற்கே

மதுரை கடலில்லாத ஊர். ஆண்டின் பல மாதங்களில் வைகையில் மணலைத்தான் காண முடியும். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என எத்திசையில் சென்றாலும் கண்மாய்க் கரைகளும், கருவேல மரங்களும், வானம் பார்த்த நிலங்களுமே கண்ணில் படும். இத்தகைய ஊரில் முப்பத்திரண்டு ஆண்டுகள் புவியியல் கற்பித்தவன் நான். கடலையே பார்த்திராத பிள்ளைகளுக்குக் கடலைச் சொல்லித்தர ஒரு சிறு வழி வைத்திருந்தேன். வகுப்பிலிருந்த உலக உருண்டையில், குமரிமுனையின்மேல் ஒரு நூலின் முனையை வைத்து, மறுமுனையை நேர் தெற்காக இழுத்துப் பிடிக்கச் சொல்வேன். "நூல் எந்தெந்த நாடுகளின்மேல் போகிறது?" என்று கேட்பேன். பிள்ளைகள் குனிந்து தேடுவார்கள். நாடு எதுவும் இராது. நீலம், நீலம், மேலும் நீலம். கடைசியில் வெண்மை.

ஆயினும் அந்த நூலின் வழியில் ஒன்றுமே இல்லை எனச் சொல்லிவிட முடியாது. குமரியிலிருந்து ஏறத்தாழ 5,100 கிலோமீட்டர் தெற்கே, குமரியின் அதே தீர்க்கக்கோட்டில், ஆம்ஸ்டர்டாம் என்ற சிறு எரிமலைத் தீவு இருக்கிறது. மகெல்லனின் மறைவுக்குப் பின் எஞ்சிய கப்பலை உலகைச் சுற்றி வீட்டுக்குக் கொண்டு சென்ற எல்கானோ, 1522ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இத்தீவைக் கண்டார். ஆம்ஸ்டர்டாம் அல்பட்ராஸ் என்னும் பெரிய கடற்பறவை உலகில் வேறெங்கும் கூடு கட்டுவதில்லை. 2025ஆம் ஆண்டு சனவரியில் மூண்ட தீ இத்தீவின் பாதிக்கும் மேற்பட்ட நிலத்தைக் கருக்கியது.

அதற்குச் சற்றுத் தெற்கே இருப்பது தூய பவுல் தீவு. அங்கே 1930இல் நடந்ததை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. கல்லிறால் பிடித்து டப்பாக்களில் அடைக்கும் பிரெஞ்சு நிறுவனம் ஒன்று, பருவம் முடிந்ததும், இயந்திரங்களைக் காவல் காக்க எழுவரை அத்தீவில் விட்டுச் சென்றது. மாற்றுக் கப்பல் வரும் என்ற வாக்குறுதியை நம்பி அவர்கள் தங்கினார்கள். மாதங்கள் சென்றன, கப்பல் வரவில்லை. டப்பா உணவையே உண்டு நோயுற்றுச் சிலர் ஒருவர் பின் ஒருவராக மடிந்தனர். அங்கே பிறந்த பெண் குழந்தையும் பிழைக்கவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் கப்பல் வந்தபோது எழுவரில் மூவரே உயிரோடு இருந்தனர். பிரெஞ்சு மக்கள் இன்றும் அவர்களை 'தூய பவுல் தீவின் மறக்கப்பட்டோர்' என்றே அழைக்கிறார்கள். அவர்களைக் கொன்றது கரையிலிருந்தவர்களின் மறதி.

இன்னும் தெற்கே சென்றால் காற்றின் அரசு. நாற்பதாம் அட்சக்கோட்டைக் கடந்துவிட்டால், மேற்கிலிருந்து வீசும் காற்றைத் தடுத்து நிறுத்த நிலப்பரப்பு மிகக் குறைவு. அது உலகையே சுற்றிச் சுற்றி வீசுகிறது. நூலுக்குச் சற்று மேற்கே, அந்தக் காற்றின் நடுவே கெர்குலன் தீவுகள் இருக்கின்றன. அங்குள்ள பிரெஞ்சு ஆய்வு நிலையத்தில் கத்தோலிக்கச் சிற்றாலயம் ஒன்று உண்டு. அதன் பெயர் 'காற்றுகளின் அன்னை ஆலயம்'. வேறு எந்தப் பெயரும் அவ்விடத்திற்குப் பொருந்தியிராது.

நூல் வெண்மையைத் தொடும் இடத்திற்கு அருகே நம் நாட்டவரே இருக்கிறார்கள். 2012ஆம் ஆண்டு மார்ச்சில் திறக்கப்பட்ட 'பாரதி' ஆய்வு நிலையம் அங்கே நிற்கிறது. மதுரையிலிருந்து அது ஏறத்தாழ 8,800 கிலோமீட்டர். நம் நாட்டின் தென்துருவப் பயணங்களுக்குப் பாரதி தொடக்கமன்று. 1981ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள், அறிஞர் காசிம் தலைமையில் 21 பேர், 'போலார் சர்க்கிள்' என்ற நார்வே நாட்டுக் கப்பலில் கோவாவிலிருந்து புறப்பட்டனர். ஆரவாரமோ வழியனுப்பு விழாவோ இல்லை. 1982 சனவரி 9ஆம் நாள் அவர்கள் பனிக்கண்டத்தில் இறங்கிய பிறகே நாடு அதை அறிந்தது. பின்னர் எழுந்த 'தட்சிண கங்கோத்ரி' நிலையம் சில ஆண்டுகளில் பனியில் புதைந்தது. அதன்பின் 1989இல் 'மைத்ரி' எழுந்தது.

அங்குள்ள பாறைகளைப் பற்றி அறிந்தபோது நான் வியந்தேன். சென்னைப் பரங்கிமலையின் கரும்பாறைக்கு நிலவியலார் 'சார்னோக்கைட்' என்று பெயரிட்டுள்ளனர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் அப்பாறையால் ஆனது. பெயர் வந்த காரணம் அதுவே. புனித தோமையாரின் பெயர் தாங்கிய அம்மலையிலும், நம் கொடைக்கானல் மலைகளிலும் உள்ள இதே வகைப் பாறை கிழக்கு அண்டார்க்டிகாவிலும் கிடக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இரண்டும் கோண்டுவானா என்னும் ஒரே பெருநிலத்தின் பகுதிகளாக இருந்தன. பிறகு நடுவே கடல் புகுந்தது. நாம் 'அந்நியம்' என்று எண்ணும் பனிநிலம், நம் மலைகளுக்குப் பிரிந்துபோன உடன்பிறப்பு.

நான் நேராகச் சொன்ன இந்தத் தென்பாதையில் பயணக் கப்பல்கள் அரிதாகவே செல்கின்றன. பனிக்கடலைக் காண விரும்பும் செல்வர்கள் பெரும்பாலும் தென் அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள உசுவாயா நகரிலிருந்தே கப்பலேறுகிறார்கள். அண்மைக் காலத்தில் ஒரு பருவத்திற்கு ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அண்டார்க்டிகப் பகுதிக்குச் சென்று வந்துள்ளனர். அத்தகைய கப்பல் ஒன்றின் சமையற்கூடத்தில் என் பழைய மாணவன் ஒருவன் பணிபுரிகிறான். கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைச் சிற்றூரில் பிறந்து, மதுரையில் விடுதியில் தங்கிப் படித்தவன். 2024ஆம் ஆண்டு மே மாத இறுதியில் விடுமுறையில் வந்திருந்தவன் என்னைத் தேடி வந்தான்.

அவன் சொன்னவற்றைக் கேட்க மாலைப்பொழுது போதவில்லை. தெற்கு ஜார்ஜியா என்ற தீவில் இறங்குவதற்கு முன், பயணிகளின் சட்டைப் பைகளையும், பைகளின் மடிப்புகளையும் உறிஞ்சு கருவியால் துப்புரவு செய்வார்களாம். ஒரு புல்விதைகூட ஒட்டிக்கொண்டு கரைக்குச் சென்றுவிடக் கூடாது. காலணிகளை மருந்து நீரில் தோய்த்துக் கழுவிய பின்பே இறங்க வேண்டும். அண்டார்க்டிகாவில் ஓரிடத்தில் ஒரே நேரத்தில் நூறு பேருக்கு மேல் கரையில் நிற்கக் கூடாது. பெங்குவின்களிடமிருந்து ஐந்து மீட்டராவது விலகி நிற்க வேண்டும்.

"கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி இருந்தது, சார்" என்றான்.

இவ்வளவு கவனத்திற்குக் காரணம் உண்டு. சீல் வேட்டைக் கப்பல்களோடு தெற்கு ஜார்ஜியாவில் குடியேறிய எலிகள், நிலத்தில் கூடு கட்டும் பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்று தீர்த்தன. பல ஆண்டுக் கடும் உழைப்புக்குப் பின் 2018இல்தான் அத்தீவு எலிகளற்றது என்று அறிவிக்க முடிந்தது. ஓர் எலியை இறக்கிவிட ஒரு நொடி போதும். அதை அகற்ற இரண்டு நூற்றாண்டு ஆயிற்று.

கப்பல் பணியாளர்களுக்குக் கரையிறங்கும் வாய்ப்பு எப்போதாவதுதான் கிட்டும். அவனுக்குக் கிடைத்தது அரைமணி நேரம், கிரிட்விக்கன் என்னும் இடத்தில். 1904இல் தொடங்கிய திமிங்கில வேட்டை நிலையத்தின் இடிபாடுகள் அங்கே துருவேறிக் கிடக்கின்றன. துருவப் பயணி ஷாக்கிள்டனின் கல்லறையும் அருகில் உள்ளது. மற்றவர்கள் கல்லறைக்குச் சென்றார்கள். இவன் திமிங்கிலக் கொழுப்பைக் காய்ச்சிய பெருங்கொப்பரைகளுக்கு முன் நின்றுவிட்டான். அத்தீவில் மட்டும் அறுபது ஆண்டுகளில் ஏறத்தாழ 1,75,000 திமிங்கிலங்கள் அறுக்கப்பட்டன.

"நான் அடுப்படியில் நிற்கிறவன், சார். ஒரு கொப்பரையைப் பார்த்தால் எத்தனை பேருக்கு வடிக்கலாம் என்று கணக்குத் தெரியும். அங்கே கணக்கே போட முடியவில்லை."

இதுவரை அவன் பேச்சில் வியப்பு இருந்தது. பிறகு குரல் தாழ்ந்தது. அவ்வாண்டு மே மாதத் தொடக்கத்தில் அவன் தன் சிற்றூரில் இருந்தான். வெயில் தெளிவாக இருந்தது. காற்று இல்லை, மழை இல்லை. ஆயினும் கடல் எழுந்து வந்தது. சுவரைத் தாண்டி, தெருவைக் கடந்து, அவனுடைய தாயின் அடுக்களைக்குள் மணலோடு புகுந்தது. அடுப்பு நனைந்தது. அரிசிப் பானை மிதந்தது.

இதைக் கேரள மீனவர்கள் 'கள்ளக்கடல்' என்கிறார்கள். முன்னறிவிப்பின்றித் திருடனைப்போல் வருவதால் அந்தப் பெயர். 2012இல் யுனெஸ்கோவும் இச்சொல்லை ஏற்றுக்கொண்டது. தென் பெருங்கடலில் புயல் வீசும்போது எழும் நீண்ட அலைகள், தம் வலிமையைப் பெரிதும் இழக்காமல், நாள்கணக்கில் வடக்கு நோக்கி நடந்து வருகின்றன. ஆழ்கடலில் படகில் இருப்பவர்க்கு அவை பெரிதாகத் தெரிவதில்லை. கரையை நெருங்கியதும் நிமிர்கின்றன. 2024 ஏப்ரல் இறுதியில், நம் கரையிலிருந்து ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர் தொலைவில் தோன்றிய காற்றழுத்த மாற்றமே இதற்குக் காரணம் என்று ஐதராபாத்திலுள்ள பெருங்கடல் தகவல் சேவை மையம் விளக்கியது. எச்சரிக்கையும் விடுத்திருந்தது. மே 6ஆம் நாள், கணபதிபுரம் அருகிலுள்ள கடற்கரையில் கால் நனைக்கச் சென்ற இளம் மருத்துவர்கள் ஐவரை அலை கொண்டுபோயிற்று. சிரித்துக்கொண்டு நின்ற பிள்ளைகளுக்கு, ஒரு வாரத்திற்கு முன் உலகின் மறுகோடியில் வீசிய காற்று தம்மை நோக்கி வந்துகொண்டிருப்பது எப்படித் தெரியும்?

தென் பெருங்கடலின் அலைகள் கடந்த சில பத்தாண்டுகளில் உயர்ந்து வந்திருப்பதைச் செயற்கைக்கோள் அளவீடுகள் காட்டுகின்றன. உலகின் நன்னீரில் ஏறத்தாழ 70 விழுக்காடு அண்டார்க்டிகாவின் பனியில் உறைந்து கிடக்கிறது. குடத்தோடு தண்ணீர் வண்டிக்குக் காத்திருக்கும் மதுரைத் தெருக்களுக்கு இந்தக் கணக்கு விந்தையாகத் தோன்றும். அந்நீர் நமக்குக் குடிநீராக வரப்போவதில்லை. உருகினால் கடலாகத்தான் வரும். அதுவும் முதலில் வருவது கடற்கரை மக்களின் வாசலுக்கு.

சமவெளியில் வாழும் நமக்கு ஓர் ஆறுதல் எளிதில் வந்துவிடுகிறது. மதுரை கடல்மட்டத்திற்கு ஏறக்குறைய நூறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது; நம் வீட்டுக்குள் அலை வராது. உண்மைதான். ஆனால் 'என் அயலான் யார்?' என்ற வினாவை ஆண்டவரிடம் கேட்டவனும் இத்தகைய எல்லைக்கோடு ஒன்றைத்தான் தேடினான். இதுவரைக்கும் என் பொறுப்பு, இதற்கு அப்பால் இல்லை என்று வரையறுக்க விரும்பினான். கடல் அவ்வாறு வரையறுப்பதில்லை. அங்கே வீசும் காற்று இங்கே அலையாகிறது. இங்கே நாம் எரிக்கும் எண்ணெயின் வெப்பம் அங்கே பனியைத் தொடுகிறது. தூய பவுல் தீவில் எழுவரை விட்டுச் சென்றவர்களும் கொடியவர்களாக இருந்திருக்க வேண்டியதில்லை. தொலைவில் இருந்தார்கள், அவ்வளவே.

பனிக்கடலைக் காணச் செல்வோரை நான் குறை கூறவில்லை. இறைவனின் படைப்பில் அத்துணை அழகிய பகுதியைக் கண்டு, காலணியைக் கழுவி, தலை தாழ்த்தி நின்றுவிட்டுத் திரும்புகிறவர்கள் ஏதேனும் ஒன்றைக் கற்றே திரும்புவார்கள். ஆனால் அந்தப் பணிவு கப்பலிலிருந்து இறங்கியதும் கழன்றுவிடக் கூடாது. அங்கே ஒரு விதைக்கு அஞ்சுகிற மனிதன், தன் ஊர்க் கண்மாயில் குப்பையைக் கொட்டுகிறவனாக இருந்தால் என்ன பயன்? அங்குக் காட்டும் அந்தக் கவனத்தை நாம் வைகைக் கரையிலேயே தொடங்கலாம். அதற்குக் கப்பற்கட்டணம் தேவையில்லை.

ஆகஸ்டு 5ஆம் நாள் தூத்துக்குடியில் பனிமய மாதாவின் திருவிழாவுக்குச் செல்வோரை நீங்கள் அறிவீர்கள், நீங்களும் சென்றிருப்பீர்கள். வெயிலில் கறுத்த, பனியை வாழ்நாளில் கண்டிராத மீனவ மக்கள், பனியின் பெயரால் அன்னையை அழைக்கிறார்கள். தென்துருவத்தை நோக்கிய அர்ஜென்டினாவின் இரண்டாம் பெல்கிரானோ நிலையத்தில், பனிக்கட்டிக் குகைக்குள் ஒரு சிற்றாலயம் இருக்கிறது. அதன் பெயரும் பனிமய அன்னை ஆலயம்தான். உலகின் தென்கோடி வழிபாட்டிடம் அதுவே. முத்துக்குளித்துறையில் இருப்போரும், உறைபனிக்குள் இருப்போரும் ஒரே பெயரைச் சொல்லி விளக்கேற்றுகிறார்கள்.

மாணவன் அக்டோபரில் மீண்டும் உசுவாயாவுக்குப் புறப்பட்டான். மகனுக்காகவும் வாசலில் நிற்கும் கடலுக்காகவும் தனித்தனியே செபிப்பீர்களா என்று அவனுடைய தாயிடம் தொலைபேசியில் கேட்டேன். "எதுக்கு சார் தனித்தனியா? அவன் போறதும் இந்தத் தண்ணியிலதானே?" என்றார் அந்த அம்மா.