எலுமிச்சை மரத்துத் தையல்காரி

"கோட்டக்குப்பமா? செக்போஸ்ட் இருக்கே, அங்கேயா?"

ஊர் பெயரைச் சொன்னதும் ஆபீஸில் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி இதுதான். ஆமாம் சார், அங்கேயேதான்! காலை நீட்டினால் பாண்டிச்சேரி. வருகிறவர் போகிறவர் பையை எல்லாம் சோதிப்பார்கள். எங்கள் கொல்லைப்புறத்துக் கிளிகள் மட்டும் பாண்டிச்சேரியில் கொய்யா தின்றுவிட்டு, ஒரு சோதனையும் இல்லாமல் ஜம்மென்று திரும்பி வரும்.

அந்தக் கொல்லையை நான் ஒழுங்காகப் பார்த்ததே இல்லை. எட்டரை மணிக்கு பஸ், ராத்திரி எட்டு மணிக்கு வீடு. இதில் எங்கே பறவை பார்ப்பது? ஆபீஸ் நண்பர்கள் பைனாகுலரும் கையுமாக மரக்காணம் பக்கத்துக் கழுவெளிக்குப் போவார்கள். 2021-ல் பறவைகள் சரணாலயமாகி, 2024-ல் ராம்சர் பட்டியலிலும் இடம் பிடித்த இடம். "வர்றியா?" என்பார்கள். "தூக்கம் வருது" என்பேன்.

போன ஆனி மாசக் கடைசியில் காய்ச்சல் வந்தது. அஞ்சு நாள் லீவு. பின் தாழ்வாரத்தில் கட்டிலைப் போட்டுப் படுத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, எங்கள் வீட்டில் எத்தனை பேர் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறார்கள் என்று!

காலையில் தவிட்டுக்குருவிகள். ஏழெட்டு சேர்ந்தே வரும். சருகைப் புரட்டிக்கொண்டே ஓயாத சண்டை. அசல் ஆபீஸ் கேன்டீன்! பத்து மணிக்கு மதில் மேல் ஓணான். ஜோடி தேடும் காலத்தில் ஆண் ஓணானுக்குத் தலை சிவந்துவிடும். மார்ச் கடைசியில் எங்கள் மேனேஜருக்கும் சிவக்கும், காரணம் வேறு. மத்தியானம் செம்போத்து, நைட் டியூட்டி பார்த்த மாதிரி சிவந்த கண்ணோடு நத்தை பொறுக்க வரும்.

மூன்றாம் நாள்தான் தையல்சிட்டைப் பார்த்தேன். கட்டைவிரல் பருமன், தூக்கிய வால், உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத பெரிய குரல். எலுமிச்சை மரத்தில் மூன்று இலைகளைச் சேர்த்துத் தைத்து, உள்ளே பஞ்சு வைத்து, முட்டை மேல் உட்கார்ந்திருந்தது. அலகுதான் ஊசி. சிலந்தி நூலும் பஞ்சு இழையும்தான் நூல்.

எனக்குத் திக்கென்றது. திங்கட்கிழமை கொத்தனார் வருகிறார்! கொல்லை முழுக்க சிமென்ட் போட ஏற்பாடு. எலுமிச்சையை வெட்டவேண்டும். ஏற்பாடு செய்தது அம்மா. "சருகு பெருக்கிப் பெருக்கி முதுகு போச்சுடா" என்று ரெண்டு வருஷமாகச் சொல்லி, நான்தான் காதில் வாங்கவில்லை. இப்போது எந்த முகத்தோடு வேண்டாம் என்பது?

ஒன்றும் சொல்லாமல் அம்மாவைக் கூட்டிப்போய்க் கூட்டைக் காட்டினேன். தையல் மெஷினை மிதித்து, ஜாக்கெட் தைத்து என்னைப் படிக்க வைத்தவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"முடிச்சே இல்லடா. ஆனா நழுவலையே!"

"ஓட்டையில நூலை இழுத்ததும் நுனி பஞ்சா விரிஞ்சு பிடிச்சுக்கும்மா."

"முட்டை பொரிக்க எத்தனை நாளு?"

"பன்னெண்டு நாள். அப்புறம் குஞ்சு பறக்க ரெண்டு வாரம்."

திங்கட்கிழமை கொத்தனார் கரண்டியோடு வந்தார். அம்மா வாசலிலேயே மடக்கினார். "நாளைக்கு ஆடி பொறக்குதேப்பா! ஆடியில யாராவது வேலை ஆரம்பிப்பாங்களா? ஆவணியில வா."

"இன்னைக்கே ஆரம்பிச்சுடலாம்மா..."

"ராகு காலம்!"

ஆடி பதினெட்டு தாண்டி ஒரு காலை, மூன்று குஞ்சுகளும் தத்தித் தத்தி முருங்கைக்குத் தாவின. அம்மா வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார்.

ஆவணியில் கொத்தனார் வந்தார். "துணி துவைக்கிற கல்லு வரைக்கும் போட்டா போதும்ப்பா" என்றார் அம்மா. மீதி மண்ணாகவே இருக்கிறது. எலுமிச்சையும் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சருகு பெருக்குவது இப்போது நான். முதுகு வலியும் எனக்குத்தான்.