எங்கள் ஊரின் இன்னொரு தையல்காரி

வீட்டுப் பின்புறக் கொய்யாச் செடியில் தையல்சிட்டு கூடு கட்டியிருக்கிறது. பச்சை முதுகு, துருநிற நெற்றி, நிமிர்ந்த வால். கைக்குள் அடங்கும் உடம்பு. குரலோ பக்கத்து பனியன் கம்பெனியின் ஓவர்லாக் மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கிறது.

தைப்பது பெண் பறவைதான். இலையைப் பறிப்பதில்லை, காம்போடு இருக்கும்போதே மடக்கி, ஓரங்களில் அலகால் துளையிட்டு, பஞ்சையோ சிலந்தி நூலையோ கோத்து இழுக்கிறது. இழையின் முனை பிரிந்து பருத்துக்கொள்வதால் தையல் நழுவாது. இலை வாடாமல் பச்சையாகவே இருக்கும். அதற்குள் ஒரு கூடு இருப்பது பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியாது. முப்பது வருடமாக பவர் டேபிள் தையல் மெஷினில் உட்காரும் என் அத்தை அந்தத் தையலை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

எங்கள் ஊரான திருப்பூர் என்றதும் சாயக்கழிவும் நொய்யல் ஆறும்தான் பேச்சு. அது உண்மை, பேசத்தான் வேண்டும். ஆனால் இதே ஊரின் நஞ்சராயன் குளம் 2022-இல் பறவைகள் சரணாலயமானது, 2024 ஆகஸ்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. ஞாயிறு லீவில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய்ப் பாருங்கள். பனிக்காலமென்றால் இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகள்கூடக் கண்ணில் படலாம்.