அடுத்த மொழியும் அம்மாவின் கணக்கும்

வலைத்தளம் உருவாக்கக் கற்றுக்கொள்பவர்கள் எல்லோரும் முதலில் மூன்றைப் படிக்கிறோம். பக்கத்தின் எலும்புக்கூட்டுக்கு எச்டிஎம்எல், தோற்றத்துக்கு சிஎஸ்எஸ், அசைவுக்குக் கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட். இவை ஓரளவு கைவந்ததும் எல்லோருக்கும் வரும் கேள்வி, ‘அடுத்து எந்த மொழி?’ பைத்தானா, பிஎச்பியா, ரூபியா? கேட்பது பெண்ணாக இருந்தால் மட்டும் பதில் வேறு மாதிரி வருகிறது.

நான் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பேருந்தில் போய்ப் படித்த பயிற்சி மையத்திலும் அப்படித்தான் வந்தது. பையன்களிடம், “பைத்தான் எடுங்கப்பா, பெங்களூர் போயிரலாம்” என்றார் ஆசிரியர். எங்கள் நான்கு பேரிடம், “உங்களுக்கு டிசைன் போதும்மா. கல்யாணத்துக்கு அப்புறமும் வீட்டுல இருந்தே பாக்கலாம்” என்றார். அவர் அதை அக்கறையாகத்தான் சொன்னார். நமக்கான வேலிகளில் பாதி அக்கறையால் கட்டப்பட்டவைதானே?

வலைத்தளத்துக்கு ஃபிரண்ட் எண்ட், பேக் எண்ட் என்று இரண்டு பக்கம் உண்டு. பார்ப்பவர் கண்ணில் படுவது முன்பக்கம். தகவல் சேமிக்கப்படுவதும், யார் எதைப் பார்க்கலாம், யார் எதை மாற்றலாம் என்று தீர்மானிக்கப்படுவதும் பின்பக்கத்தில். அந்தப் பக்கத்துக்குத்தான் அடுத்த மொழி தேவை. ‘டிசைன் போதும்’ என்றால், சாவி உங்களுக்கு வேண்டாம் என்று அர்த்தம்.

ராஜபாளையத்துக்காரிக்கு இந்தப் பிரிவினை பழக்கமானதுதான். ஸ்பின்னிங் மில்லில் ரிங் ஃபிரேம் முன்னால் நடந்து நடந்து அறுந்த இழையை ஒட்டும் சைடர் வேலைக்குப் பெண்கள். அந்த மெஷினைத் திறந்து பழுது பார்க்கும் ஃபிட்டர் வேலைக்கு ஆண்கள். எட்டு மணி நேரமும் அதன் எதிரிலேயே நிற்பவளுக்கு அதைத் திறக்கச் சொல்லித் தருவதில்லை.

கணினியின் வரலாற்றில் இந்தக் கோடு இடம் மாறியிருக்கிறது. 1946இல் அமெரிக்காவில் எனியாக் கணினி உலகத்துக்குக் காட்டப்பட்டபோது அதற்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். இயந்திரத்தைக் கட்டுவதுதான் பெரிய வேலை, நிரல் எழுதுவது குமாஸ்தா வேலை என்று அன்று நினைத்தார்கள். அதனால்தான் அது பெண்களிடம் வந்தது. 1952இல் முதல் கம்பைலர்களில் ஒன்றை உருவாக்கியவரும் கிரேஸ் ஹாப்பர் என்ற பெண். நிரலுக்கு மதிப்பும் பணமும் கூடியபோது அது ஆண்களின் துறையாயிற்று. ஆக, வேலையின் கடினத்தை வைத்துக் கோடு போடப்படவில்லை. மதிப்பு எந்தப் பக்கம் போகிறதோ, அந்தப் பக்கம் நம்மை விட்டு விலக்கப்படுகிறது.

எனக்குப் பின்பக்கம் தேவைப்பட்டது அம்மாவின் கூலிக்காக. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி வட்டாரம் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணிக்குப் பெயர்போனது. அங்கே ஒரு கொட்டகையில் அம்மா துணி மடித்துக் கட்டுகிறார். கட்டுக்கு இவ்வளவு என்று கூலி. எத்தனை கட்டு என்பது மேஸ்திரியின் நோட்டில் மட்டும் இருக்கும். சனிக்கிழமை அவர் வாசிப்பதுதான் கணக்கு. “கொறையுதே” என்று யாராவது கேட்டால், “நோட்டுல என்ன இருக்கோ அதாம்மா” என்பார்.

எனக்குத் தெரிந்த மூன்றையும் வைத்து ஒரு பக்கம் செய்தேன். அம்மாவின் போனில் எண்ணிக்கையைப் பதிந்தால் கூலியைக் கூட்டிச் சொல்லும். ஆனால், அது அந்த ஒரு போனுக்குள் மட்டும். பக்கத்து வீட்டு மதினி தன் போனில் பதிந்ததும் அம்மா பதிந்ததும் ஒரே கணக்கில் சேராது. ஏழு பெண்களின் கட்டுகளும் ஓரிடத்தில் இருக்க வேண்டும், எழுதியதைப் பிறகு யாரும் கமுக்கமாக மாற்றக் கூடாது. இதற்கு எந்த மொழி உதவும் என்று தேடினேன். அப்போது கேள்வியே வேறாகிவிட்டது.

நோட்.ஜேஎஸ் 2009இல் வந்தது. ஜாவாஸ்கிரிப்டையே சர்வரிலும் ஓட்டலாம் என்பதால் புது இலக்கணம் படிக்க வேண்டியதில்லை. பைத்தானில் ஜாங்கோ இருக்கிறது. 2014இல் பெர்லினில் தொடங்கிய ‘ஜாங்கோ கேர்ள்ஸ்’ பெண்களுக்காக எழுதிய பாடம் இலவசம், பொறுமையாகச் சொல்லித்தரும். 1995இல் வெளிவந்த பிஎச்பிக்குப் ‘பழசு’ என்று பெயர். ஆனாலும் உலகெங்கும் எத்தனையோ தளங்களைத் தாங்கும் வேர்ட்பிரஸ் அதில் எழுதப்பட்டதுதான்.

நான் பிஎச்பியை எடுத்தேன். மலிவான வாடகைச் சர்வர்களில் அது பெரும்பாலும் முன்பே இருக்கும். கோப்பை ஏற்றினால் போதும், ஓடும். தங்கைக்குப் பள்ளியில் கிடைத்த அரசு மடிக்கணினியே அதற்குத் தாராளம். தகவலைச் சேமிக்கும் மைஎஸ்க்யூஎல் பற்றித் தமிழிலேயே, து. நித்யா என்ற பெண் எழுதிய ‘எளிய தமிழில்’ நூல் இலவசமாகக் கிடைத்தது. ராத்திரி பத்து மணிக்கு மேல் சந்தேகம் கேட்க ஆளில்லாத வீட்டில், சொந்த மொழியில் ஒரு பெண் விளக்குவது பெரிய துணை.

படிக்கப் படிக்க இன்னொன்று புரிந்தது. பெயர் 20 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் ஒரு மாதிரிப் படிவம் கிடைத்தது. சோதனைக்கு ‘ஆண்டாள்’ என்று தட்டினேன். பெயர் நீளமாக இருக்கிறது என்று மறுத்தது. நாலெழுத்துப் பெயர்! யூனிகோடு ‘ஆண்டாள்’ என்பதை 7 குறியீடுகளாக வைக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 3 பைட். பிஎச்பியின் ‘ஸ்டர்லென்’ பைட்டுகளை எண்ணுவதால் 21 என்கிறது. ‘எம்பி_ஸ்டர்லென்’ 7 என்கிறது. பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும் தம் வழக்கமான முறையில் 7 என்றுதான் சொல்லும். ‘கிராஃபீம்_ஸ்டர்லென்’ என்று கேட்டால்தான் நம் கணக்குப்படி 4. எண்ணுவது கணினிதான், எதை ஒன்று என்று எண்ண வேண்டும் என்று முடிவு செய்வது மனிதர்கள். மேஸ்திரியின் நோட்டும் அப்படித்தான்.

மூன்று மாதத்தில் பக்கம் தயாரானது. ஏழு பேரும் வேலை முடிந்ததும் தங்கள் எண்ணிக்கையைத் தாங்களே பதிந்தார்கள். திருத்தினால் பழைய எண்ணும் தேதியோடு நிற்கும்படி எழுதியிருந்தேன். மூன்றாவது சனிக்கிழமை நோட்டுக்கும் எங்கள் பக்கத்துக்கும் 46 கட்டு வித்தியாசம். அச்செடுத்துக் கொண்டுபோனார்கள். மேஸ்திரி முதலில் சிரித்தார். அடுத்த வாரத்திலிருந்து தினமும் ஒரு துண்டுச் சீட்டில் எண்ணிக்கையை எழுதித் தருகிறார். விட்டுப்போன 46 கட்டுக்குக் காசு இன்னும் வரவில்லை. அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அடுத்து எந்த மொழி என்று என்னிடம் கேட்கும் பெண்களிடம் நான் மொழியின் பெயரைச் சொல்வதில்லை. என்ன செய்யப் போகிறீர்கள்? கையில் என்ன கணினி இருக்கிறது? ஒரு நாளில் எத்தனை மணி நேரம் உங்களுடையது? மாட்டிக்கொண்டால் யாரைக் கேட்பீர்கள்? இந்த நான்குக்கும் பதில் எழுதினால் மொழி தானாகத் தெரியும். உங்களுக்கு அது பைத்தானாக இருக்கலாம், பெங்களூரும் போகலாம், தாராளமாகப் போங்கள். டிசைன்தான் பிடிக்கும் என்றால் அதையே ஆழமாகப் படியுங்கள், அதுவும் கடினமான கலைதான். ஆனால், ‘உங்களுக்கு இது போதும்’ என்று யாராவது சொன்னால், எதற்குப் போதும் என்று கேளுங்கள்.

நான் இப்போது பைத்தான் படிக்கிறேன். இரண்டாவது மொழி முதலாவதைப் போல அவ்வளவு பயமுறுத்தவில்லை.