பூவைப் பத்திரப்படுத்திய கதை

பளிங்குக் கட்டிக்குள் ரோஜாப் பூ இருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? கல்யாண மாலையிலிருந்து நாலு பூவை எடுத்து, ரெஸின் என்ற திரவத்தில் பதித்து மேஜைமேல் வைத்துக்கொள்வது இப்போது பட்டணத்தில் பெரிய மோகமாக இருக்கிறது. "இதற்குக் கடைக்காரனிடம் போவானேன்? நாமே செய்தால் என்ன?" என்று எனக்குத் தோன்றியது. அதுதான் வினை!

ஆவணியில் என் பெண்ணுக்குக் கல்யாணம். மாலையை என்னிடம் கொடுத்து, "அம்மா, இதை எப்படியாவது எனக்குப் பத்திரப்படுத்திக் கொடு" என்று சொல்லிவிட்டுப் புக்ககம் போனாள். பூ வாடுவதற்குள் முடிக்க வேண்டுமே என்று மறுநாள் மாலையே உட்கார்ந்துவிட்டேன். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. பாலுக்கு உறைமோர் கூட விட்டால் சீக்கிரம் தோய்கிறதல்லவா? அதே கணக்கில் ஹார்டனரை இரண்டு கரண்டி அதிகமாகவே விட்டேன்.

தலை தீபாவளிக்குப் பெண் வந்தாள். கட்டிக்குள் பூவெல்லாம் காப்பிப் பொடி நிறத்தில் அழுகிக் கிடந்தது. மேலே தொட்டால் கை ஒட்டியது. "பரவாயில்லை அம்மா" என்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஊற்றிய ரெஸினிலிருந்து ஒரு பூவையாவது திரும்ப எடுக்க முடியுமா?

என் மாமியார் கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏண்டி, மாங்காயைத் துடைக்காமல் ஆவக்காய் போடுவாயோ? ஈரத்தோடு மூடினால் அழுகாமல் என்ன செய்யும்?" என்றார். பிறகு பூஜை அறைக்குப் போய்ப் பஞ்சாங்கத்தை எடுத்து வந்தார். முகூர்த்தத்தன்று மாலையிலிருந்து உதிர்ந்த ஏழெட்டு ரோஜா இதழ்கள் ஏடுகளுக்கு நடுவே சருகாக இருந்தன. இனி இவ்வளவுதான் மிச்சம்!

மாசி மாதம் வரை அவற்றை நான் தொடவில்லை. கடைத்தெருப் பூவை வைத்து மூன்று தடவை பழகினேன். அப்போது கற்றதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

முதலில் ஈரம். பூவைச் சிலிகா ஜெல் மணிகளில் புதைத்து, ஒரு வாரம் இறுக மூடி வையுங்கள். தொட்டால் காகிதம்போல் சலசலக்க வேண்டும். ரோஜா சற்றுக் கருத்தாலும் அழகாகவே இருக்கும். மல்லிகை, சம்பங்கி போன்ற வெள்ளைப் பூக்கள் பழுப்பேறிவிடும். மழை நாளில் ஊற்றவே கூடாது. காற்றிலுள்ள ஈரத்தால் மேலே மங்கலாகப் பிசுக்குப் படியும்.

அடுத்தது அளவு. எபாக்ஸி ரெஸின் ஒரு புட்டியிலும், அதை இறுக்கும் ஹார்டனர் இன்னொரு புட்டியிலும் வரும். ஒன்றுக்கு ஒன்றா, இரண்டுக்கு ஒன்றா என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். கன அளவு என்று போட்டிருந்தால் அளவுக் கிண்ணம். எடை என்று போட்டிருந்தால் தராசு. இவை இரண்டும் ஒன்றல்ல. உறைமோர்க் கணக்கு இங்கே செல்லாது. ஒன்றோடொன்று சேர்ந்து இறுகும் சரக்கு இது. அதிகமாக விட்டது சேராமல் நின்று கட்டியைக் கெடுத்துவிடும்.

கலக்கும்போது ஓரத்தையும் அடியையும் வழித்து, 3 முதல் 5 நிமிஷம் நிதானமாகக் கலக்குங்கள். மோர் கடைவதுபோல் சிலுப்பினால் ஒரே குமிழி! முன்னதாக ரெஸின் புட்டியை வெதுவெதுப்பான தண்ணீரில் சற்று நிறுத்தி வைத்தால் திரவம் இளகும். குமிழிகளும் சுலபமாக மேலே வந்து உடையும்.

ஒரேயடியாகக் கனமாக ஊற்றாதீர்கள். இறுகும்போது சூடு பிறக்கும். முதல் தடவை கிண்ணத்தில் தங்கிய மிச்சமே கை வைக்க முடியாமல் கொதித்தது. சிலிக்கோன் அச்சில் மெல்லிய அடிப்படலம் ஊற்றி, சில மணி நேரம் கழித்து அது பிசுபிசுப்பாக இருக்கும்போது இதழ்களை அடுக்கி, அடுத்த படலத்தை ஊற்றுங்கள். இல்லாவிட்டால் இதழ்கள் மிதந்துவிடும். தூசி விழாமல் மூடி வையுங்கள். பெரும்பாலும் ஒரு நாளில் தொடலாம். முழுக்க இறுக மூன்று நாள் விடுங்கள். பிறகும் வெயிலில் வைக்காதீர்கள், மஞ்சள் பூத்துவிடும்.

சகோதரிகளே, இது ஒன்றை மறக்க வேண்டாம். கையுறை இல்லாமல் ரெஸினைத் தொடாதீர்கள். ஒரு முறை தோலுக்கு ஒவ்வாமை பற்றிக்கொண்டால், அப்புறம் தொடும்போதெல்லாம் அரிப்பும் தடிப்பும் வரும். சமையலறையில் வேண்டாம், ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், குழந்தைகளை அண்ட விடாதீர்கள். உப்புத்தாள் கொண்டு தேய்த்தால் மூக்கையும் வாயையும் மூடும் கவசம் அவசியம்.

சித்திரைப் பிறப்பன்று பெண் வந்தாள். உள்ளங்கை அளவு கட்டியை அவள் கையில் வைத்தேன். உள்ளே ஏழு இதழ்கள். ஓர் ஓரத்தில் ஒரே ஒரு குமிழி. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "அம்மா, இது பாட்டி பஞ்சாங்கத்தில் வைத்ததுதானே?" என்றாள்.

அவளுடைய பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. கட்டியை வாங்கி விரலால் ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். "ஒட்டவில்லையே!" என்றார்.