மூன்றாவது பெட்டி

போன தவணை நடந்த விஷயம். எழுதுவதா வேண்டாமா என்று இத்தனை நாள் யோசித்தேன். பிழை என்னுடையது என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் பாடசாலை இணையத்தளத்தைப் பார்ப்பது நான்தான். கணினிப் பாடம் படிப்பிக்கிறேன் என்பதற்காகத் தலையில் விழுந்த வேலை. தளம் வேர்ட்பிரஸில் ஓடுகிறது. அறிவித்தல் போடும் ஆசிரியர்களுக்கு இலகுவாக இருக்கட்டும் என்று, உள்ளே எழுதுகிற திரையை நானே அமைத்தேன். முதலில் சிங்களம், அதற்குக் கீழ் ஆங்கிலம், கடைசியில் தமிழ். மூன்று பெட்டிகள். பார்க்க வடிவாகத்தான் இருந்தது.

பெற்றார் கூட்டம் ஒரு கிழமை தள்ளிப்போனது. அறிவித்தலும் தளத்தில் ஏறியது. ஆனால் பழைய திகதியன்று காலை, கேற்றடியில் ஒரு தாய் நிற்கிறார். அரைநாள் லீவு போட்டுவிட்டு இரத்மலானையிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார். போனை நீட்டிக் காட்டினார்.

“தமிழ்ல ஒண்டும் ஈக்கல்லயே டீச்சர்.”

உண்மைதான். தமிழ்ப் பக்கம் வெறும் வெள்ளை.

அறிவித்தலைப் போட்ட சிங்களப் பிரிவு டீச்சர் மேல் எனக்குக் கோபம் வந்தது. கேட்டேன். “தமிழுக்கும் பெட்டி இருக்கிறதா?” என்று திருப்பிக் கேட்டார். அவரை என் மேசையில் உட்காரவைத்து, இன்னொரு அறிவித்தலை எழுதச் சொல்லிவிட்டுப் பின்னால் நின்று பார்த்தேன். சிங்களத்தில் எழுதினார். கொஞ்சம் கீழே இறக்கி ஆங்கிலத்தில் இரண்டு வரி போட்டார். திரை அதோடு முடிந்தது. வலது மேல் மூலையில் இருந்த நீலப் பொத்தானை அழுத்தினார். அறிவித்தல் போய்விட்டது.

2018 டிசம்பரில் வந்த வேர்ட்பிரஸ் 5.0 தொடக்கம் எழுதும் திரை மாறிவிட்டது. நடுவில் எழுதும் இடம். நாம் தனியாகச் சேர்க்கும் பெட்டிகள் அதற்கு அடியில் போய்விடும். வெளியிடும் பொத்தான் மட்டும் மேலே அசையாமல் நிற்கும். அடிவரை போகாமலே வேலை முடிந்துவிடும். அவர் தமிழை மறக்கவில்லை. அவர் கண்ணில் அது பட்டதே இல்லை.

பின்னேரம் பழைய அறிவித்தல்களைத் திறந்து பார்த்தேன். பாதிக்கு மேல் தமிழ் இல்லை. அதில் நாலு நானே போட்டவை.

வீட்டுக்குப் போக காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்றபோது எதிரே வீதிப் பெயர்ப்பலகை. சிங்களம், தமிழ், ஆங்கிலம். 1987 இல் வந்த 13 ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழி என்கிறது, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்கிறது. பலகையில் இரண்டாவதாக இருக்கிற என் தாய்மொழியை மூன்றாவது பெட்டிக்கு இறக்கியது யாரோ அல்ல, நான்.

ஏ.எல். படிக்கும் ஒரு மாணவியோடு உட்கார்ந்து திருத்தினேன். முதலில் மொழிக்கொரு தாவல் வைத்துப் பார்த்தோம். ஒன்றைத் திறந்தால் மற்ற இரண்டும் மறைகின்றன. அதே வருத்தம்தான். பிறகு மூன்று பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். கணினியில் சரி. போனில் மறுபடி ஒன்றன்கீழ் ஒன்று. நம் ஆசிரியர்கள் பாதிப் பேர் அறிவித்தல் போடுவது போனில்தான்.

கடைசியில் ஒரு வழி கிடைத்தது. பொத்தானை அழுத்தியதும் வேர்ட்பிரஸ் “வெளியிடவா?” என்று இன்னொரு தடவை கேட்கும். அந்த இடத்தில் மூன்று வரி சேர்த்தோம். சிங்களம் உண்டு, ஆங்கிலம் உண்டு, தமிழ் இல்லை. அதற்குக் கீழே, தமிழில் எழுதிக் கொடுக்கக்கூடிய மூன்று ஆசிரியர்களின் இலக்கங்கள்.

தமிழ் இல்லாமல் வெளியிடவே முடியாதபடி பூட்டியும் வைக்கலாம். வைக்கவில்லை. மழை வெள்ளத்தில் பாடசாலை மூடும் நாளில் ஒரு மொழியிலாவது செய்தி உடனே போகவேண்டும். அப்படிப் போனால் தமிழ்ப் பக்கம் இனி வெள்ளையாக இருக்காது. “புதிய அறிவித்தல் உண்டு, தமிழில் இன்னும் வரவில்லை, அழையுங்கள்” என்று பாடசாலை இலக்கத்தோடு நிற்கும்.

அந்தத் தாய் அடுத்த கிழமை மறுபடி அரைநாள் லீவு போட்டு வந்தார். மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்ல டீச்சர். இப்ப தமிழ்ல வருதா?” என்றார்.

வருகிறது, அல்ஹம்துலில்லாஹ்.

பள்ளிவாசல், பாடசாலை, சங்கம் என்று ஏதாவது தளத்தைப் பார்ப்பவர்கள் இதை வாசித்தால் ஒரு வேலை செய்யுங்கள். வெளிப்பக்கத்தை விடுங்கள். உள்ளே எழுதுகிற திரையில் வேறொருவரை உட்காரவைத்து, பின்னால் நின்று பாருங்கள். எந்தப் பெட்டிவரை அவர் கை போகிறது என்று பாருங்கள்.