எத்தனை சிவப்பு?

மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகளின் கிரேடு கார்டு போன பருவத்தின் முடிவில் வந்தது. தமிழில் ஏ1. அதாவது 91-க்கு மேல். என் மனைவி அதைப் படமெடுத்து ஊரில் இருக்கும் மாமனாருக்கு அனுப்ப, 'சபாஷ்' என்று உடனே பதில் வந்தது.

அதோடு விட்டிருக்கலாம். சாயங்காலம் தமிழ்ப் புத்தகத்தைப் பிரித்து, "எங்கே, படி பார்க்கலாம்" என்றேன். தடதடவென்று கொட்டினாள். ஒரு இடத்தில் பக்கத்தைப் புரட்ட மறந்துவிட்டாள். வாய் மட்டும் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது!

எனக்கு லேசாக வயிற்றைக் கலக்கியது. பாடத்தின் நடுவில் ஒரு வார்த்தை மேல் விரலை வைத்து, "இது என்ன?" என்றேன். பாடத்தின் முதல் வரியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்து, அந்த இடம் வந்ததும் "குருவி" என்றாள். சரியான விடைதான். ஆனால், அவள் வாசிக்கவில்லை.

நான் பி.காம். ஆடிட்டிங் வகுப்பில் பேராசிரியர் தலைதலையாக அடித்துக்கொண்டு சொன்னது ஒன்றுதான். லெட்ஜர் டாலி ஆகிறது என்பதற்காகக் கையெழுத்துப் போட்டுவிடாதே, குடோனைத் திறந்து மூட்டையைப் பார். என் வீட்டுக் குடோனை நான் திறந்தே பார்க்கவில்லை. பள்ளிக்கூட ஆப்பில் கிரேடு வரும், 'ஓகே' தட்டுவேன். அவ்வளவுதான்.

2012-13ல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தது ஞாபகம் இருக்கிறதா? ஒரே ஒரு முழுப் பரீட்சையை நம்பிப் பிள்ளையை எடை போடக் கூடாது என்று யோசித்தார்கள். வகுப்பில் அவ்வப்போது செய்வதற்கு 40 மதிப்பெண், பருவத் தேர்வுக்கு 60. நல்ல யோசனை, மறுக்கவில்லை. ஆனால், அந்த 40ல் ஒரு பகுதி, ராத்திரி பதினோரு மணிக்குத் தெர்மாகோலும் கத்தரிக்கோலுமாக உட்கார்ந்து பெற்றோர் சம்பாதிப்பது. என் மகளின் 'நீர் சுழற்சி' மாடலுக்குக் கிடைத்த பாராட்டு நியாயமாக எனக்குச் சேர வேண்டும். (மேகத்துக்குப் பஞ்சு வாங்க மெடிக்கல் ஷாப் வரை ஓடியவன் நான்.)

என் காலத்தில் ரேங்க் கார்டு. ஃபெயிலான பாடத்துக்குக் கீழே வாத்தியார் சிவப்பு மையில் கோடு போடுவார். என் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. கார்டை வாங்கிச் சிவப்புக் கோடுகளை மட்டும் எண்ணுவாள். நாலாவது படிக்கும்போது, அரைப்பரீட்சையில் எனக்கு 31-வது ரேங்க். வகுப்பில் இருந்ததே 42 பேர். அப்பா பெல்ட்டைத் தேடப் போனார். அம்மா குறுக்கே நின்று, "போன தடவை மூணு செவப்பு, இப்ப ஒண்ணுதான். புள்ள ஏறித்தான வந்திருக்கான்" என்றாள். அந்த முப்பது பேர் அவள் கண்ணில் படவே இல்லை.

2008ல் ஒரு கட்டுரைக்காகச் சென்னை மாநகராட்சிப் பள்ளி ஒன்றுக்குப் போயிருந்தேன். செயல்வழிக் கற்றல் முறை 2003ல் மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, அதற்குள் மாநிலம் முழுக்க அரசுப் பள்ளிகளில் நாலாம் வகுப்பு வரை பரவியிருந்தது. சுவரில் ஏணி மாதிரி ஒரு படம். பிள்ளை தன் படியைத் தானே பார்த்து, அதற்குரிய அட்டையை எடுத்துக்கொண்டு வந்து உட்காரும். சில அட்டைகள் தாண்டினால் மதிப்பீட்டுக்கு ஓர் அட்டை. அதைச் செய்தால்தான் மேலே. ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒரு சிறுமி, "இப்ப இங்க இருக்கேன். லீவுக்கு முன்னாடி அங்க இருந்தேன்" என்று இரண்டு படிகளைத் தொட்டுக் காட்டினாள். என் அம்மாவின் கணக்கு சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது! கிழிந்த அட்டை, ஆய்வுக்காக அவசரமாக நிரப்பும் பதிவேடு என்று ஆசிரியர்கள் புலம்பியதும் நினைவிருக்கிறது.

பெற்றோர் கூட்டத்துக்குப் போனேன். எனக்கு முன்னால் இருந்த அப்பா, கணக்கில் இரண்டு மார்க் குறைந்ததற்கு எட்டு நிமிடம் விளக்கம் கேட்டார். காத்திருந்த நேரத்தில் 2009-ம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டத்தை செல்போனில் தேடிப் படித்தேன். ஆசிரியர் பெற்றோரை முறையாகச் சந்தித்து, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், கற்றலில் முன்னேற்றம் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும் என்கிறது 24-வது பிரிவு. மார்க், ரேங்க் என்ற பேச்சே அங்கே இல்லை.

என் முறை வந்ததும் விரல் வைத்த கதையைச் சொன்னேன். மிஸ் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை.

"தெரியும் சார். கிளாஸ்ல இன்னும் ஏழெட்டுப் பேர் இப்படித்தான். கார்டுல இதை எழுதக் கட்டமே இல்ல."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே மிஸ்?"

"போன ரெண்டு மீட்டிங்குக்கும் நீங்க வரலையே சார்..."

நான் ஒன்றும் பேசவில்லை. அவரே தொடர்ந்தார். "கொஞ்ச நாளைக்குப் புக்கை விட்டுடுங்க. வெளியில எது கண்ல பட்டாலும் படிக்கச் சொல்லுங்க."

போன ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் கிண்டியைத் தாண்டிக்கொண்டிருந்தோம். டிராஃபிக்கில் வண்டி நின்றது. ஜன்னலோர சீட்டில் இருந்தவள் திடீரென்று ஆரம்பித்தாள்.

"கட்... ட... ணக்... கழிப்... பிடம். அப்பா, கட்டணக் கழிப்பிடம்!"

பாதி பஸ் திரும்பிப் பார்த்தது. "அப்படின்னா என்னப்பா?" என்று அதே சத்தத்தில் கேட்டாள். நான் தொண்டையைச் சரி செய்துகொள்வதற்குள், முன் சீட்டுப் பெரியவர் அவளுக்கு விளக்கமாகச் சொல்லிவிட்டார்.