மடியில் ஏறிய பை

கண்டி மாநகருக்கு வரும் பஸ்வண்டிகளில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. ஆசனம் கிடைத்தவர், அருகே நிற்பவரின் பையை வாங்கித் தம் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே அது. இதை விதித்தவரும் இல்லை. மீறியவரைத் தண்டித்தவரும் இல்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வத்துகாமத்துக்கும் கண்டிக்குமிடையே பிரயாணஞ் செய்துவரும் நான், அச்சட்டத்தின் நிழலில் வளர்ந்தவன். ஒரு தடவை அதை மீறியவனுமாவேன்.

1980 ஆம் ஆண்டில் ஆறாம் வகுப்புப் படிப்பதற்காகக் கண்டிப் பாடசாலையொன்றிற் சேர்ந்தேன். தோட்டத்து லயத்திலிருந்து பஸ் தரிக்கும் சந்திக்கு இரண்டு மைல் நடை. முதல்நாள் சந்தி வரை உடன்வந்த அப்பா, "தம்பி, சிவப்பு பஸ்ஸில் மட்டும் ஏறு. உன் சீசன் சீட்டு அதிலேதான் செல்லும்" என்று இருமுறை சொன்னார். 1958 ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி தனியார் கம்பனிகளின் பஸ்வண்டிகள் தேசியமயமாகி, இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. 1979 இல் தனியார் வண்டிகள் மீண்டும் தெருவுக்கு வந்தன. ஆகவே நான் பிரயாணத்தைத் தொடங்கிய காலத்தில் சபையின் சிவப்பு வண்டியும் தனியார் வண்டியும் போட்டியிட்டு ஓடின. "நுவர, நுவர!" என்று கூவி அழைக்கும் தனியார் வண்டியை ஆசையோடு பார்த்தவாறு, சிவப்பு வண்டிக்காகக் காத்து நிற்பேன்.

வண்டி வரும்போதே நிறைந்திருக்கும். "இஸ்ஸரஹட்ட யன்ன" என்று நடத்துநர் முன்னே தள்ளுவார். முதல் ஆசனமோ மதகுருமாருக்குரியது. அதற்குப் பின்னால் வெள்ளைச் சேலையணிந்த சிங்கள மூதாட்டியொருவர் நாள்தோறும் அமர்ந்திருப்பார். முதல் வாரத்திலேயே என் முதுகுச் சுமையைக் கண்ட அவர், "மல்ல தென்ன, புத்தே" என்று கையை நீட்டினார். பையைக் கொடு, மகனே என்பது அதன் பொருள். எனக்கு அப்பொழுது சிங்களம் தெரியாது. கையின் மொழி தெரிந்தது. என் புத்தகங்களும் தேங்காய்ச் சம்பலோடு கட்டிய ரொட்டியும் அவர் மடியில் ஏறிக்கொண்டன. மூன்றாண்டுகள் அப்படியே சென்றன. அவர் பெயரை நான் கேட்டதில்லை. என் பெயரை அவரும் கேட்டதில்லை.

1983 ஆம் ஆண்டு ஜூலையில் கண்டி நகரிலும் தமிழர் கடைகள் எரிந்தன. பல வாரங்கள் நான் பாடசாலைக்குப் போகவில்லை. மீண்டும் போகத் தொடங்கிய நாளில், "பஸ்ஸில் வாய் திறவாதே" என்று அம்மா சொல்லியனுப்பினார். வாய் திறந்தால் என் தமிழ் தெரிந்துவிடும். வண்டியிலேறி, பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓரமாக நின்றேன். மூதாட்டி என்னைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. எழுந்து, இருவரைக் கடந்து வந்து, பையை என் கைகளிலிருந்து விடுவித்துக்கொண்டு தம் இடத்துக்குத் திரும்பினார். அன்று கண்டி வரை நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்து அழுதேன் என்பதை இன்றுதான் எழுதுகிறேன்.

பின்பு யுத்தம் பஸ்வண்டிக்குள்ளும் புகுந்தது. உரிமையாளரில்லாத பொதியைக் கண்டால் அறிவிக்கும்படி எச்சரிக்கைகள் வந்தன. பை என்றாலே அச்சம். 1998 ஜனவரி 25 ஆம் திகதி தலதா மாளிகை குண்டுத்தாக்குதலுக்கு இலக்கானபின், மாளிகையின் முன்னாலுள்ள வீதியில் வாகனங்களுக்கு இடமில்லாது போயிற்று. 2008 ஜூன் 6 ஆம் திகதி, கண்டிக்கு அண்மையில், மகாவலிக் கரையிலுள்ள பொல்கொல்லையில், பஸ்ஸொன்றிலே குண்டு வெடித்து உயிர்கள் மாண்டன. அதே நாளில் மொறட்டுவையிலும் ஒரு பஸ் தாக்கப்பட்டது.

அதற்கு ஒரு வாரத்தின் பின், மாலை நேரம். எனக்கு ஆசனம் கிடைத்திருந்தது. பன்னிரண்டு வயதுள்ள ஒரு மாணவன் என்னருகில் வந்து நின்றான். வளைவுகளில் வண்டி சாயும்போதெல்லாம் அவன் முதுகுப்பை அவனைப் பின்னுக்கு இழுத்தது. அவன் என் மடியைப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இறங்கும்வரை அவன் கேட்கவில்லை, நானும் திரும்பவில்லை. அவன் தமிழனோ சிங்களவனோ முஸ்லிமோ அறியேன். வெள்ளைச் சீருடைக்கு இனமில்லை. எல்லாம் எரிந்த காலத்தில் ஒரு மூதாட்டியின் மடி அஞ்சவில்லை. படித்து உத்தியோகம் பார்க்கும் என் மடி அஞ்சிற்று. அந்த அச்சத்துக்கு நியாயம் உண்டு என்று பலநாள் எனக்கே சொல்லிப் பார்த்தேன். நியாயம் இருந்தது; ஆறுதல் வரவில்லை.

யுத்தம் 2009 மே மாதத்தில் முடிந்தது. வண்டிகளும் மாறின. தனியார் வண்டிகளில் பாட்டு முழங்குகிறது. இளைஞர்கள் காதில் கருவியைச் செருகிக்கொண்டு கைத்தொலைபேசியில் மூழ்கிவிடுகிறார்கள். பழைய சட்டம் இவர்களோடு அழிந்துவிடும் என்று நானும் மற்றப் பெரியவர்களைப் போல அங்கலாய்த்ததுண்டு.

2022 ஆம் ஆண்டு எரிபொருட் பஞ்சத்தில் டீசலின்றிப் பல வண்டிகள் நின்றுபோயின. ஓடிய வண்டிகளில் மிதிபலகை வரை சனக்கூட்டம். ஒருநாள் மனைவிக்கு மருந்தும் வீட்டுக்கு அரிசியும் கொண்ட பையோடு ஒற்றைக்கையில் தொங்கிக்கொண்டிருந்தேன். அருகில் அமர்ந்திருந்த யுவதி தொலைபேசியிலிருந்து கண்ணெடுக்கவில்லை. ஆனால் அவளுடைய ஒரு கை மட்டும் எழுந்து, என் பையைப் பற்றி இழுத்து, மடியில் வைத்துக்கொண்டது. அவள் யாரிடம் இதைக் கற்றாள்? அவளுடைய பாட்டியாரும் ஒருகாலத்தில் வெள்ளைச் சேலையில் பிரயாணஞ் செய்தவராக இருக்கலாம்.

இப்பொழுது எனக்கு ஆசனம் கிடைத்தால், நிற்கும் பிள்ளை என்னைப் பார்க்குமுன் நான் கையை நீட்டிவிடுகிறேன். சில பிள்ளைகள் தயங்கும். அப்பொழுது, "மல்ல தென்ன, புத்தே" என்பேன். தமிழ்ப் பிள்ளையென்று தெரிந்தால், "பையைத் தாங்க, மகன்" என்பேன். கனமான பை மடியில் ஏறும்போது கால் சற்று வலிக்கத்தான் செய்கிறது. 2008 இல் அந்தப் பையன் சுமந்தது எவ்வளவு கனமென்று அப்பொழுது புரிகிறது.